அபிசீனியன் என்னும் பெயர்: ஒரு வரலாற்று நோக்கு

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் பருத்திப்பட்டு என்னும் ஊர் உள்ளது. புதிதாக அங்கு வருவோர் அதன் பெயரைக் கேட்டு, பருத்தியும் பட்டும் நெய்த ஊர் போலும் என்று எண்ணுவர். ஆனால் இங்குப் பட்டு என்பது நூலைக் குறிப்பதன்று, குடியிருப்பைக் குறிப்பது. சேத்துப்பட்டு முதலிய ஊர்ப்பெயர்களிலும் அச்சொல்லைக் காண்கிறோம். ஒரு பெயரின் ஓசையைக் கொண்டு அதன் பொருளைத் துணிந்துவிடலாகாது என்பதற்கு இஃது ஒரு சிறு சான்று.

இவ்வூர்ச் சபையொன்றில் நாம் நடத்திய வேதபாட வகுப்பில், அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தின் எத்தியோப்பிய மந்திரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இராணுவத்தில் சென்னைப் பொறியாளர் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூப்பர் ஒருவர் எழுந்து, “ஐயரவர்களே, எங்கள் பிரிவு பெற்ற போர்ச் சிறப்புகளில் அபிசீனியா என்று ஒரு பெயர் உண்டு. எத்தியோப்பியாவின் பழைய பெயர் அதுதான் என்கிறார்கள். இந்த மந்திரியின் நாடும் அதுதானா?” என்று வினவினார். பள்ளி மாணவி ஒருத்தி, அபிசீனியன் என்பது ஒரு வகைப் பூனையின் பெயரன்றோ என்றாள். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்துவிட்டு, மூப்பரிடம் “ஆம்” என்று சொல்லி அடுத்த வசனத்துக்குச் சென்றோம்.

அந்த விடை தவறு என்பதைப் பின்னர் உணர்ந்தோம். ஒரே பெயர் வேதாகமத்திலும் போர்க்களத்திலும் பூனையின்மேலும் எவ்வாறு வந்து அமர்ந்தது என்று தேடியபோது, நம் பிரசங்க பீடத்துக்கும் சபையின் இருக்கைகளுக்கும் தொடர்புடைய செய்திகள் சில கிடைத்தன. அவற்றை உடன் ஊழியர்கள் முன்னும் மாணவர்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கூஷும் எத்தியோப்பியாவும்

எபிரேய வேதாகமத்தில் எகிப்துக்குத் தெற்கேயுள்ள நாட்டின் பெயர் கூஷ் என்பதாகும். அது நைல் நதிக்கரையில், இன்றைய சூடான் நாட்டின் வட பகுதியை நடுவாகக் கொண்டிருந்தது. அதன் அரசர்கள் ஒரு காலத்தில் எகிப்தையும் ஆண்டனர். எசேக்கியாவின் காலத்து வரலாற்றில் வரும் திராக்கா அவ்வரச மரபைச் சேர்ந்தவனே.

எபிரேய வேதாகமம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டபோது, கூஷ் என்பதற்குப் பெரும்பாலும் எத்தியோப்பியா என்னும் சொல் வழங்கப்பட்டது. வெயிலில் எரிந்த முகத்தையுடையவர் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அஃது ஒரு நாட்டின் பெயராக அன்றித் தெற்கேயுள்ள கருநிற மக்கள் அனைவரையும் சுட்டும் பொதுப்பெயராகவே முதலில் வழங்கிற்று. இலத்தீன் மொழிபெயர்ப்பும் அதனைப் பின்பற்றியது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு பெயர்களும் கலந்து வருகின்றன. ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தின் வம்ச வரலாற்றில் கூஷ் என்றே உள்ளது. இரண்டாம் அதிகாரத்தில் கீகோன் ஆறு சூழ்ந்தோடும் தேசமோ எத்தியோப்பியா எனப்படுகிறது. செப்பனியா தீர்க்கதரிசியின் தந்தை பெயர் கூஷி. தமிழில் வாசிப்போருக்கு இப்பெயர்களின் உறவு எளிதில் புலப்படுவதில்லை.

கந்தாகே என்பது ஒரு பெண்ணின் தனிப்பெயர் அன்று. கூஷ் நாட்டின் பிற்காலத் தலைநகராகிய மெரோவேயில் அரசியருக்கு வழங்கிய பட்டப்பெயர் அது. ஆகவே பிலிப்பு சந்தித்த மந்திரி மெரோவே நாட்டினர். இன்றைய நிலப்படத்தில் சொன்னால் சூடானைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் அபிசீனியா என வழங்கிய மலைநாடு அதற்குத் தென்கிழக்கே இருந்தது. அங்கே அக்சூம் என்னும் வேறோர் அரசு இருந்தது. மூப்பருக்கு நாம் “ஆம்” என்றது இவ்விடத்தில்தான் பிழைபட்டது.

இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றாயின? நான்காம் நூற்றாண்டில் அக்சூம் மன்னன் எசானா பல மொழிகளில் கல்வெட்டுகளைப் பொறித்தான். உள்நாட்டு மொழியில் ஹபஷத் என்றிருக்கும் இடத்தில் கிரேக்க மொழியில் எத்தியோப்பியர் என்று எழுதப்பட்டது. அம்மன்னன் காலத்திலேயே பிருமெந்தியு அந்நாட்டின் முதல் பேராயராக அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுவால் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்னர் வேதாகமத்தைத் தம் மொழியில் வாசித்த அம்மக்கள், அதில் வரும் எத்தியோப்பியா தங்கள் நாடே என்று ஏற்றனர். கிரேக்கர் தோலின் நிறத்தைப் பார்த்து இட்ட பெயர், வாக்குத்தத்தத்தின் பெயராக அவர்களுக்குள் மாறிற்று.

2. ஹபஷாவும் ஹப்ஷிகளும்

அபிசீனியா என்னும் சொல்லின் வேர், மேலே கண்ட ஹபஷத் என்பதே. தென் அரேபியக் கல்வெட்டுகளிலும் அது காணப்படுகிறது. அரபியர் அந்நாட்டை ஹபஷா என்றனர். 615ஆம் ஆண்டளவில் மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்களுள் ஒரு கூட்டத்தார் கடல் கடந்து இக்கிறிஸ்தவ நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். அதன் மன்னர் அவர்களைக் காத்தார். உமறுப் புலவரின் சீறாப்புராணம் இச்செய்தியைத் தமிழில் பாடுகிறது. தொழுகைக்கு அழைக்கும் பணியை முதன்முதலில் ஏற்ற பிலாலும் ஹபஷா வழியினரே. எனவே தமிழ் முஸ்லிம் மக்களிடையே அபிசீனியா என்பது நன்றியோடு நினைக்கப்படும் பெயராகும். அண்டை வீட்டார் மதிக்கும் இக்கிறிஸ்தவ மன்னரைப் பற்றி நம் சபைகள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

அதே சொல் அடிமைச் சந்தையிலும் வழங்கியது. செங்கடல் துறைமுகங்கள் வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் ஹப்ஷி எனப்பட்டனர். உண்மையில் அவர்கள் பல இனத்தவர். அவர்களுள் பலர் அபிசீனிய அரசின் குடிகளல்லர். ஏற்றிவந்த கடல்வழியைக் கொண்டே பெயர் அமைந்தது. ஆப்பிரிக்கரைக் குறிக்கத் தமிழில் வழங்கும் காப்பிரி என்னும் சொல்லோ, இறைநம்பிக்கையற்றவன் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியர் வாயிலாக வந்தது. ஆக, ஒருவனுக்குக் கப்பலின் வழியால் பெயர். மற்றொருவனுக்குப் பிறர் அவன் சமயத்தைப் பழித்ததால் பெயர். இருவரையும் யாரும் உங்கள் பெயர் என்னவென்று கேட்கவில்லை.

ஆயினும் இந்திய மண்ணில் ஹப்ஷி என்பது அடிமையை மட்டும் குறித்து நின்றுவிடவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் இபின் பதூதா, இந்தியக் கடலில் கப்பல்களைக் காக்கும் வீரர்களாக அவர்களைக் கண்டார். வங்காளத்தில் 1487 முதல் சில ஆண்டுகள் ஹப்ஷிகளே சுல்தான்களாக ஆண்டனர். அகமதாபாத்தில் கல்லில் கொடிவேலை செய்த சாளரங்களுக்குப் பெயர்பெற்ற சீதி சையத் பள்ளிவாசல் 1572–73இல் கட்டப்பட்டது; அதனைக் கட்டியவரும் அவ்வினத்தவரே. கொங்கணக் கடற்கரையின் ஜஞ்சிராவில் சீதிகளின் அரசு 1948 வரை நிலைத்திருந்தது.

இவர்களுள் தலைசிறந்தவர் மாலிக் அம்பர். 1548ஆம் ஆண்டளவில் எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதில் விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறித் தக்காணம் வந்தார். அவரை வாங்கிய அகமதுநகர் அமைச்சரும் முன்னர் அடிமையாயிருந்த ஒரு ஹப்ஷியே. அம்பர் படைத்தலைவராகி, அகமதுநகர் அரசைத் தாங்கி நின்று, முகலாயரைப் பல ஆண்டுகள் தடுத்தார். பின்னாளில் ஔரங்காபாத் என்றும் இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என்றும் வழங்கும் நகரை, 1610இல் கிர்க்கி என்னும் பெயரால் நிறுவியவர் அவரே. 1626இல் காலமானார். போர்க்களத்தில் அவரை வெல்ல இயலாத ஜஹாங்கீர், தம் நினைவுக்குறிப்புகளில் அவருடைய நிறத்தைச் சொல்லி இழித்தார். அவருடைய வெட்டுண்ட தலையின்மேல் தாம் அம்பெய்வதாக ஓவியமும் தீட்டச் செய்தார். ஓவியத்தில் கிடைத்த வெற்றி களத்தில் கிடைக்கவில்லை.

ஆப்பிரிக்க வழிவந்த சீதி மக்கள் இன்றும் குஜராத்திலும் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்திலும் வாழ்கின்றனர். உத்தர கன்னடத்தில் அவர்களுள் இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களும் உளர். 2003இல் அவர்கள் கர்நாடகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அரசாண்ட இனத்தின் பெயரைத் தாங்கியோர் காட்டோரச் சிற்றூர்களில் கூலி வேலை செய்து வாழ நேர்ந்ததை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

3. விட்டன்பர்க்கும் தரங்கம்பாடியும்

அபிசீனியன் என்னும் வடிவம் ஐரோப்பாவில் பரவியது போர்த்துக்கீசியர் கடல்வழி கண்ட காலத்தில்தான். சீர்திருத்தத் திருச்சபையினராகிய நமக்கு இதில் ஒரு தனித்தொடர்பு உண்டு. 1534இல் மிக்கேல் என்னும் எத்தியோப்பியத் தியாக்கோன் விட்டன்பர்க்குக்கு வந்து லூத்தரோடும் மெலாங்க்தனோடும் உரையாடினார். உரோமின் அதிகாரத்துக்கு உட்படாத ஒரு பழைய திருச்சபை உலகில் உண்டு என்பதற்கு அவர் உயிருள்ள சாட்சியாக இருந்தார். லூத்தர் அவரைச் சகோதரராக ஏற்றுப் பரிந்துரைக் கடிதமும் தந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின், 1634இல், லூபெக் நகரத்துப் பீட்டர் ஹைலிங் என்னும் லூத்தரன் எத்தியோப்பியாவை அடைந்தார். தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

1652இல் அபா கோர்கோரியோஸ் என்னும் எத்தியோப்பியத் துறவி ஜெர்மனியின் கோத்தா நகருக்கு வந்தார். அவரிடம் பாடம் கேட்ட ஹியோப் லூடோல்ப், 1681இல் எத்தியோப்பிய வரலாற்றை எழுதி வெளியிட்டார். அந்நூலில் அவர் தரும் ஒரு குறிப்பு நம் பொருளுக்கு இன்றியமையாதது. அபிசீனியர் என்பது அரபியர் இட்ட பெயர். கலப்பினத்தார் என்னும் பொருள் அதற்குக் கற்பிக்கப்பட்டது. அதனை இழிவாகக் கருதிய அம்மக்கள் தம் நூல்களில் நெடுங்காலம் அதை ஏற்காது, தம்மை எத்தியோப்பியர் என்றே கூறிவந்தனர் என்பது அக்குறிப்பின் சாரம். கலப்பினத்தார் என்னும் விளக்கத்தை இன்றைய அறிஞர் பெரும்பாலும் ஏற்பதில்லை. அரபியர் வருமுன்னரே கல்வெட்டுகளில் அப்பெயர் உள்ளதன்றோ? ஆயினும் பெயரைவிடப் பெயருக்குச் சொல்லப்பட்ட விளக்கமே அவர்களைப் புண்படுத்தியது.

லூடோல்பின் உடன்பிறந்தார் மகனாகிய ஹென்ரிக் வில்கெல்ம் லூடோல்ப், ஹாலேயின் பிராங்கேயுடன் நெருங்கிய நட்புக் கொண்டிருந்தார். கீழைத் திருச்சபைகளின் மொழிகளைக் கற்கவேண்டும் என்னும் ஆர்வம் அக்குழுவினரிடையே வேரூன்றியிருந்தது. அந்த ஹாலேயிலிருந்தே சீகன்பால்கும் புளூட்சோவும் 1706இல் தரங்கம்பாடி வந்து தமிழ் கற்றனர். வந்த இடத்தின் மக்களிடம் மாணவராக அமர்தல் என்னும் பண்பை, கோத்தாவில் ஒரு துறவியின் முன் அமர்ந்த லூடோல்பிடமும், திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிய சீகன்பால்குவிடமும் ஒருங்கே காண்கிறோம்.

4. பெரிய வெள்ளியன்று நடந்த போர்

மூப்பர் சொன்ன போர்ச் சிறப்புக்கு இனி வருவோம். எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸ் 1862இல் விக்டோரியா அரசிக்கு எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வரவில்லை. சினமுற்ற மன்னர், பிரிட்டிஷ் தூதரையும் யூதரிடையே பணியாற்றிய மிஷனெரிகள் சிலரையும் சிறைப்படுத்தினார். அவர்களை மீட்க 1867இல் படை புறப்பட்டது. பம்பாய்ப் படையின் தளபதி ராபர்ட் நேப்பியர் அதற்குத் தலைவர். ஏறத்தாழ 13,000 போர்வீரரும் 44 யானைகளும் சென்ற அப்படையில் பெரும்பகுதி இந்தியரே. பாதை அமைக்கவும் அரணைத் தகர்க்கவும் சென்ற பொறியாளருள் சென்னைப் பிரிவினரும் இருந்தனர்.

1868 ஏப்ரல் 10, பெரிய வெள்ளிக்கிழமையன்று அரோகே சமவெளியில் போர் நிகழ்ந்தது. எத்தியோப்பியர் தரப்பில் ஏறத்தாழ 700 பேர் மாண்டனர். பிரிட்டிஷ் தரப்பில் காயமுற்றோர் இருபதின்மர், அவருள் இறந்தோர் இருவர். உயிர்த்தெழுந்த திருநாளுக்கு மறுநாள், 13ஆம் தேதி, மக்தலா மலையரண் வீழ்ந்தது. மன்னர் தம்மைத் தாமே சுட்டு மாண்டார். சிறைப்பட்டோர் உயிரோடு மீண்டனர். ஆனால் ஆலயத்திலும் கருவூலத்திலும் இருந்த பொருள்கள் சூறையாடப்பட்டு ஏலம் விடப்பட்டன. நூற்றுக்கணக்கான கையெழுத்துச் சுவடிகள் இலண்டனை அடைந்தன. அவற்றுள் பெரும்பகுதி இன்றும் அங்கேயே உள்ளது. மன்னரின் தலைமயிரை 2019இல் பிரிட்டிஷ் படை அருங்காட்சியகம் எத்தியோப்பியாவுக்குத் திருப்பித் தந்தது. ஒரு கிறிஸ்தவ அரசு மற்றொரு கிறிஸ்தவ அரசின்மேல் பரிசுத்த வாரத்தில் தொடுத்த இப்போரின் பெயரே பதக்கத்திலும் படைப்பிரிவின் சிறப்புப் பட்டியலிலும் அபிசீனியா என்று பொறிக்கப்பட்டது.

மாணவி சொன்ன பூனையும் இப்போரோடு வந்ததே. படை கரையிறங்கிய சூலா துறைமுகத்தின் பெயரையுடைய பூனையொன்று இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்பட்டது. போர்ச் செய்தியால் மக்கள் நாவில் இருந்த பெயர் அவ்வகைப் பூனைக்கு நிலைத்தது. ஆனால் அப்பூனையினத்தின் வேர் வங்காள விரிகுடாவை அடுத்த ஆசியக் கடற்கரைகளில் இருக்கலாம் என்பது மரபணு ஆய்வாளர் கருத்து. எனவே மாணவியின் சொல்லை நகைத்துத் தள்ளியிருக்க வேண்டியதில்லை. நம் கடற்கரைப் பூனை அபிசீனியன் ஆனது, கைதிகளை ஏற்றிய கப்பல்வழியால் மனிதர் ஹப்ஷி ஆனதைப் போன்றதே.

5. தாமே ஏற்ற பெயர்

இதுவரை கண்டவை பெரும்பாலும் பிறர் இட்ட பெயர்கள். ஒடுக்கப்பட்டோர் தாமே விரும்பி இப்பெயரை எடுத்த நிகழ்ச்சி நியூயார்க்கில் நடந்தது. அங்கே பாப்திஸ்துச் சபையொன்றில் கறுப்பின மக்களுக்குத் தனி இருக்கை ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு உட்பட மறுத்தோர் வெளியேறி, 1808இல் அபிசீனியன் பாப்திஸ்துச் சபையை நிறுவினர். எத்தியோப்பியாவிலிருந்து வந்த வணிகரும் அவர்களோடு இருந்தனர் என்பது அச்சபையின் மரபுச் செய்தி. அடிமைகளின் பிள்ளைகள் என்று பிறர் அழைத்த மக்கள், தாங்கள் பழம்பெரும் கிறிஸ்தவ நாட்டின் மக்கள் என்று அப்பெயரால் அறிக்கையிட்டனர். எத்தியோப்பியா இறைவனை நோக்கித் தன் கைகளை நீட்டும் என்னும் கருத்துள்ள 68ஆம் சங்கீதம் அவர்களுக்கு உயிர்நாடியாயிற்று. 1892இல் தென்னாப்பிரிக்காவில் மங்கேனா மொகோனே, வெள்ளையர் ஆளுகையினின்று விலகித் தொடங்கிய சபையும் எத்தியோப்பியத் திருச்சபை என்றே பெயர் பெற்றது. 1930–31இல் நியூயார்க்கில் பயின்ற போன்ஹோபர், அபிசீனியன் சபையின் ஞாயிறு பள்ளியில் கற்பித்தார். அங்கே கேட்ட நற்செய்தி அவரைத் தொட்டது; பின்னர் நாசிகளின் இனவெறியை எதிர்த்து நின்றபோது அது அவருக்குத் துணைநின்றது.

தனி இருக்கை என்னும் சொல்லைத் தமிழ்ச் சபையார் அந்நியமாகக் கேட்க இயலாது. நம் சபைகளிலும் சாதிவாரியாக அமர்ந்து, சாதி வரிசையில் திருவிருந்து பெற்ற வழக்கம் இருந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன் அவ்வேறுபாடுகளை முற்றிலும் ஒழிக்குமாறு கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினர். நியூயார்க்கில் தாழ்த்தப்பட்டோர் வெளியேறினர். இங்கு உயர்ந்தோர் எனப்பட்டவர் வெளியேறினர். இரண்டு வெளியேற்றங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவு நம் திருச்சபை வரலாற்று வகுப்புகளுக்கு வேண்டும். பிறர் இட்ட பெயர்களைத் தள்ளித் தலித் என்று தம்மைத் தாமே பெயரிட்ட நம் மக்களின் செயலையும் அந்த ஒளியில்தான் விளங்கிக்கொள்ள இயலும்.

6. முடிவுரை

1935 அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவின்மேல் படையெடுத்தபோது, உலகச் செய்தித்தாள்களில் அபிசீனியா என்னும் பெயர் நிறைந்தது. 1936 மே மாதத்தில் காங்கிரஸ் தலைவராயிருந்த ஜவாஹர்லால் நேரு, அபிசீனியா நாள் கொண்டாடி அம்மக்களுக்கு இந்தியரின் பரிவைத் தெரிவிக்கச் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எத்தியோப்பியா என்பதே உலக வழக்காயிற்று. ஆயினும் பழைய பெயரின் கதை முடியவில்லை. வெளிநாடுகளில் வாழும் எத்தியோப்பியரும் எரித்திரியரும் பலர் தம்மை ஹபேஷா என்று பெருமையோடு கூறுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடக்கு மலைநாட்டு அரசால் வெல்லப்பட்ட ஒரோமோ முதலிய மக்களுள் சிலருக்கோ, அபிசீனியன் என்பது தம்மை அடக்கியவரின் பெயராகத் தோன்றுகிறது. ஒருவருக்கு மகுடமான பெயர் மற்றொருவருக்கு நுகமாகலாம்.

இவ்வரலாற்றை அறிந்த ஊழியர், எரேமியா பதின்மூன்றாம் அதிகாரத்தில் எத்தியோப்பியனின் தோலைப் பற்றிய வசனத்தை எவ்வாறு பிரசங்கிப்பார்? கருநிறத்தைப் பாவத்துக்கு உவமையாக்கிப் பேசும் பழக்கம் நம்மிடையே உண்டு. பெண் பார்க்கும் இடத்தில் நிறம் பேசும் நம் வீடுகளில் அவ்வுவமை ஆறாத புண்ணை உண்டாக்கும். தீர்க்கதரிசி பேசியது பழகிப்போன தீமையின் பிடியைப் பற்றியே. நிறம் தீமை என்று அவர் கூறவில்லை. மேலும், அதே நூலின் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில், சேற்றுக்குழியில் கிடந்த அத்தீர்க்கதரிசியை மீட்டவன் எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியனே. கயிறு அறுத்துவிடாதபடி அக்குள்களில் வைத்துக்கொள்ளப் பழந்துணிகளையும் கொடுத்தனுப்பிய அவனுடைய கனிவை, தோலைப் பற்றிய வசனத்தோடு சேர்த்தே சபைக்குச் சொல்லவேண்டும். மோசேயின் கூஷ் நாட்டு மனைவியை முன்னிட்டுப் பேசிய மிரியாமின்மேல் விழுந்த தீர்ப்பையும், இஸ்ரவேலையும் கூஷ் மக்களையும் இறைவன் ஒன்றாகவே வைத்து நோக்குவதாகக் கூறும் ஆமோஸ் ஒன்பதாம் அதிகாரத்தையும் உடன் வாசிக்கவேண்டும்.

பருத்திப்பட்டு மூப்பரிடம் நாம் மீண்டும் சென்று, முன்பு சொன்ன விடையைத் திருத்திக்கொண்டோம். மந்திரியின் நாடு வேறு, உங்கள் பிரிவு போரிட்ட நாடு வேறு என்று விளக்கினோம். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் அந்த மந்திரிக்கு அவருடைய தாய் தகப்பன் வைத்த பெயர் என்ன, ஐயா?” என்றார். வேதாகமம் அதைச் சொல்லவில்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்வியே சரியான கேள்வி. பதினாறு நூற்றாண்டுகளாக எசானாவின் மக்களுக்குப் பலரும் பெயரிட்டனர், கேட்டறிந்தவர் சிலரே. பிலிப்போ இரதத்தில் ஏறி அமர்ந்து, அந்த மனிதர் வாசித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து பேசத் தொடங்கினார். ஊழியமும் அவ்விடத்திலேயே தொடங்கவேண்டும்.